வாய் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி படியுங்கள்.

போன மாதம் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே இருப்பான். "என்னடா அது, எனக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டு" என்றேன். "ராப் தாத்தா, உங்களுக்குப் பிடிக்காது" என்றான். முப்பத்து நாலு வருஷம் வரலாறு சொல்லிக் கொடுத்தவனிடம் 'பிடிக்காது' என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னால் விடுவேனா? "சரி, இருக்கிறதிலேயே பழசைப் போடு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்றைப் போட்டான்.

1982-ல் வந்த பாட்டு. பெயர் 'தி மெசேஜ்'. கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் என்ற குழுவின் பெயரில் வந்தது. ஏழு நிமிஷம் ஓடுகிறது. அதே வருஷம் அதே பெயரில் ஆல்பமும் வந்தது.

முதல் தடவை பாதிகூடப் புரியவில்லை. சிந்தசைசரில் ஒரே துண்டு மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு ஆள் பாடாமல், கத்தாமல், வெறுத்துப்போய்ப் பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். நடுவில் ஒரு வறட்டுச் சிரிப்பு. இரண்டாவது தடவை வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு கேட்டேன். தெருவெல்லாம் உடைந்த கண்ணாடி. முன்னறையில் எலி, பின்னறையில் கரப்பான். சந்துக்குள் போதை அடிமைகள். வேறு எங்காவது போய்விடலாம் என்றால் காரைக் கடன்காரன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டில் இல்லாதபோது கடன் வசூல்காரர்கள் மனைவிக்குப் போன் செய்து மிரட்டுகிறார்கள். மகன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறான், வாத்தியார் சரியில்லையாம், தெருக் கூட்டப் போனாலாவது காசு மிஞ்சும் என்கிறான். (வாத்தியாரைப் பற்றிய இடத்தில் நான் கொஞ்சம் நெளிந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) கடைசிப் பத்தியில் ஒரு குழந்தை பிறக்கிறது. அந்தத் தெருவிலேயே வளர்கிறது. பணம் புழங்கும் ரவுடிகளைப் பார்த்து ஆசைப்படுகிறது. படிப்பை விடுகிறது, திருடுகிறது, சிறைக்குப் போகிறது, அங்கே தூக்கில் தொங்குகிறது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தெரு எது என்று பார்ப்போம்.

நியூயார்க் நகரத்தின் வடக்குப் பகுதி பிராங்க்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் நடு வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு விரைவுச் சாலை போட்டார்கள். 1948-ல் ஆரம்பித்த வேலை. அதைத் திட்டமிட்ட ராபர்ட் மோசஸ், எந்தத் தேர்தலிலும் ஜெயிக்காமலேயே நாற்பது வருஷம் அந்த நகரத்தின் வரைபடத்தை மாற்றி எழுதிய அதிகாரி. ஈஸ்ட் ட்ரெமான்ட் என்ற இடத்தில் ஒரே ஒரு மைல் சாலைக்காக மட்டும் 1,530 வீடுகள் போயின என்று ராபர்ட் கேரோ தன் புத்தகத்தில் கணக்கு எழுதியிருக்கிறார். வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். போக வழியில்லாதவர்கள் தங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள்.

அடுத்து நெருப்பு. 1970களில் தெற்கு பிராங்க்ஸ் எரிந்தது என்பது உவமை இல்லை. வாடகை வராத கட்டடத்தைக் கொளுத்திவிட்டு இன்ஷூரன்ஸ் வாங்கிக்கொண்ட உரிமையாளர்கள் இருந்தார்கள். பழைய மின்கம்பியால் பிடித்த தீயும் உண்டு. அதே சமயத்தில் நகர நிர்வாகம் சிக்கனம் என்று சொல்லி அந்தப் பக்கத்திலேயே தீயணைப்பு நிலையங்களை மூடியது. 1970-க்கும் 1980-க்கும் இடையில் பிராங்க்ஸில் ஏழு கணக்கெடுப்பு வட்டாரங்கள் தங்கள் கட்டடங்களில் 97 சதவீதத்துக்கு மேல் இழந்தன. நூற்றுக்கு 97. குண்டு போட்ட ஊரில்கூட இதைவிட அதிகம் மிஞ்சியிருக்கும். 1975-ல் நியூயார்க் நகரமே திவாலாகும் நிலைக்கு வந்து ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பியது. 1977 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் சார்லட் தெருவுக்கு வந்து செங்கல் குவியலுக்கு நடுவில் நின்றார். அந்தப் படம் உலகமெல்லாம் போயிற்று.

அந்த இடிபாட்டில் பிள்ளைகள் செய்தது கொண்டாட்டம். அதைச் சொல்லாமல் இந்தப் பாட்டு புரியாது. 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் எண் கட்டடத்தின் பொது அறையில், ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பெண் சிண்டி கேம்ப்பெல், பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தாள். இசைத்தட்டு போட்டவர் அவள் அண்ணன். அவர்தான் பிறகு கூல் ஹெர்க் என்று பேர் வாங்கியவர். இசைத்தட்டில் பாட்டு நின்று தாளம் மட்டும் வரும் சில நொடிகளில்தான் ஆடுகிறவர்கள் துள்ளுகிறார்கள் என்று கவனித்தார். இரண்டு தட்டுகளை வைத்து அந்தத் துண்டையே நீட்டினார்.

அதைத் துல்லியமாக்கியவர் ஜோசப் சாட்லர். பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பார்த்து அடி வாங்குகிற ரகம். தொழிற்பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். தாளம் எங்கே ஆரம்பிக்கிறது என்று இசைத்தட்டின் மேலேயே வண்ணக் குச்சியால் கோடு போட்டு வைத்துக்கொண்டு, கடிகார முள் மாதிரி திருப்பித் திருப்பி அந்த இடத்துக்கே கொண்டுவருவார். கை வேகத்துக்குக் கிடைத்த பட்டம்தான் 'ஃபிளாஷ்'. அவர் பின்னால் தட்டுப் போட, ஐந்து இளைஞர்கள் முன்னால் நின்று எதுகை மோனையோடு கூட்டத்தை உசுப்பேற்றுவார்கள். மெல்லி மெல், அவர் அண்ணன் கிட் கிரியோல், கவ்பாய், ஸ்கார்ப்பியோ, ரஹீம். இவர்கள்தான் ஃபியூரியஸ் ஃபைவ்.

இவர்கள் வேலை சந்தோஷப்படுத்துவது. வாரமெல்லாம் எலியோடும் கரப்பானோடும் இருந்தவன் சனிக்கிழமை ராத்திரி அதை மறக்க வருகிறான். அவனிடம் போய் 'உன் வீட்டில் எலி இருக்கிறது' என்று பாடினால்?

இனி பாட்டு பிறந்த கதை. நியூ ஜெர்சியில் ஷுகர் ஹில் என்று ஒரு ரெக்கார்ட் கம்பெனி. நடத்தியவர் சில்வியா ராபின்சன். தானே பாடகி, 1950களிலேயே ஹிட் கொடுத்தவர். தெருவில் இருந்த ராப்பை 1979-ல் 'ராப்பர்ஸ் டிலைட்' மூலம் கடைக்குக் கொண்டுவந்தவர் இந்த அம்மாள்தான். அந்தக் கம்பெனியில் தாள வாத்தியம் வாசிக்கும் கூலிக் கலைஞர் ஒருவர், எட் ஃபிளெட்சர். டியூக் பூட்டி என்று இன்னொரு பெயர். ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் வாங்கியவர். பிராங்க்ஸ்காரர் இல்லை. நியூ ஜெர்சியின் எலிசபெத் என்ற ஊர். 1980-ல் தன் அம்மா வீட்டில் உட்கார்ந்து இந்தப் பாட்டின் பெரும்பகுதியை எழுதினார்.

சில்வியா இதை ஃபிளாஷ் குழுவிடம் கொண்டுபோனார். அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. மெதுவாக இருக்கிறது, சோகமாக இருக்கிறது, பார்ட்டியில் இதை யார் கேட்பார்கள் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். அந்த மேடைகளில் ஏழெட்டு வருஷம் நின்றவர்கள் அவர்கள்.

இங்கேதான் எனக்குத் தூக்கம் போன காரணம். 1990களின் தொடக்கம் என்று நினைக்கிறேன், ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் ஒரு பையன் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். கானா மாதிரி ஒரு பாட்டு. அவன் தெருக் கக்கூஸைப் பற்றி, தண்ணி லாரி வராததைப் பற்றி, அப்பா குடித்துவிட்டு வருவதைப் பற்றி. நான் அதை உரக்க வாசித்துவிட்டு, "இதெல்லாம் ஒரு பாட்டாடா? சாக்கடையைத்தான் தினம் பார்க்கிறோமே, பாட்டிலும் வேணுமா?" என்றேன். வகுப்பு சிரித்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்தேனா என்று நினைவில்லை. சிரிப்பு நினைவிருக்கிறது. ஃபிளாஷ் குழு சொன்ன அதே வாதம்தான் என்னுடையதும். ஒரு வித்தியாசம், அவர்கள் தங்கள் தெருவைப் பற்றிச் சொன்னார்கள். நான் அவன் தெருவைப் பற்றிச் சொன்னேன்.

சரி, நியூ ஜெர்சிக்கு வருவோம். ஐந்து பேரில் மெல்லி மெல் மட்டும் கடைசியில் இறங்கி வந்தார். பாட்டின் பெரும்பகுதியை எழுதிய ஃபிளெட்சரும் அதில் பாடியிருந்தார். மெல் தன் பங்காகக் கடைசிப் பத்தியைச் சேர்த்தார். பிறந்து சிறையில் சாகும் அந்தக் குழந்தையின் கதை. இதில் ஒரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. அந்தப் பத்தி புதிதாக எழுதியது இல்லை. 1979-லேயே 'சூப்பர் ராப்பின்' என்ற இவர்களுடைய நீளமான பார்ட்டிப் பாட்டில் வந்த வரிகள்தான். அப்போது அவற்றை யாரும் பெரிதாகப் பேசவில்லை. துள்ளும் தாளத்துக்கு நடுவில் அந்தச் சாவும் ஆட்டத்தோடு ஆட்டமாகப் போய்விட்டது. அதே வரிகளை மெதுவான, இருட்டான மெட்டில் வைத்தபோது ஊர் நின்று கேட்டது. சொல் ஒன்றுதான். கேட்க வைத்தது வேகத்தைக் குறைத்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டை மறுத்தவர்கள் குறையாகச் சொன்ன அந்த 'மெது'தான் பாட்டின் பலம்.

பாட்டு முடிந்ததும் ஒரு சின்னப் பேச்சுக் காட்சி வரும். நண்பர்கள் தெருமுனையில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள், போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. குழுவின் மற்றவர்கள் வருவது இங்கேதான். இதைத் தவிர, பாட்டு யார் பெயரில் வந்ததோ அந்த ஃபிளாஷுக்கு இதில் வேலையே இல்லை. அவருடைய இசைத்தட்டு இல்லை, அந்த வண்ணக் குச்சிக் கோடு இல்லை. உலகத்திலேயே வேகமான கை என்று பேர் வாங்கியவர், தன் மிகப் பெரிய பாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வீடியோ எடுத்தபோது இன்னொரு வேடிக்கை. நியூயார்க் தெருக்களில் எடுத்த எளிய வீடியோ. அதில் ஃபிளெட்சரின் குரலுக்கு வாயசைப்பவர் ரஹீம். குழுவின் பாட்டு என்று சொல்லிவிட்டு வெளி ஆளைக் காட்ட முடியாதே. நமக்கு வாயசைப்பு புதிதில்லை. திரையில் ஒரு நடிகர், குரல் டி.எம்.எஸ். என்று தெரிந்தே மூன்று தலைமுறை ரசித்தோம். ஆனால் நம் ஊரில் பாட்டுப் புத்தகத்திலும் ரேடியோவிலும் பாடியவர் பேர் சொல்லுவார்கள். அங்கே ஃபிளெட்சர் பெயர் தட்டில் சின்ன எழுத்தில் இருந்ததோடு சரி. பார்த்தவர்கள் ரஹீம்தான் பாடுகிறார் என்றே நம்பினார்கள்.

1982 ஜூலையில் தட்டு வெளிவந்தது. அப்போது அமெரிக்காவில் வேலையின்மை ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருஷக் கடைசியில் 10.8 சதவீதத்தைத் தொட்டது. பாட்டு, கறுப்பின இசைக்கான பில்போர்டு பட்டியலில் 4-ம் இடம். எல்லோருக்குமான பொதுப் பட்டியலில் 62-க்கு மேல் ஏறவில்லை. பிரிட்டனில் 8-ம் இடம். சொந்த நாட்டின் பொது வானொலிகள் ராப்பைத் தொடத் தயங்கிய காலம் அது, தொலைக்காட்சி இசைச் சேனலிலும் கறுப்பு முகங்கள் அபூர்வம்.

ஆனால் வருஷக் கடைசியில் 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை நாடு முழுக்க இசை விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில், அந்த ஆண்டின் சிறந்த தனிப்பாட்டு 'தி மெசேஜ்'. இதன் எடை தெரிய வேண்டுமானால் ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும். 1981-ல் டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் பாண்ட்ஸ் என்ற அரங்கில், தி கிளாஷ் என்ற ஆங்கிலேய ராக் குழு தங்கள் கச்சேரிக்கு முன்னால் ஃபிளாஷ் குழுவை மேடையேற்றியது. வந்திருந்த வெள்ளைக்கார ராக் ரசிகர்கள் கூச்சல் போட்டு, கையில் கிடைத்ததை எறிந்து விரட்டினார்கள். அதே நகரம், அதே குழு. ஒரு வருஷத்தில் இந்த மாற்றம்.

எனக்கு இதில் ஒரு சந்தேகமும் உண்டு, மறைக்கவில்லை. கறுப்பு இளைஞர்கள் சந்தோஷமாக ஆடிப் பாடியபோது பாட்டில் எறிந்த உலகம், அவர்கள் எலியையும் சிறையையும் பாடியபோது கைதட்டியது. ஏழை தன் துயரத்தைச் சொன்னால்தான் அது 'கலை', அவன் கொண்டாடினால் அது 'சத்தம்' என்கிற பார்வை இதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆல்பத்தை முழுக்கக் கேட்டேன். அதில் பெரும்பாலும் கொண்டாட்டப் பாட்டும் காதல் பாட்டும்தான். ஸ்டீவி வொண்டரைப் புகழ்ந்துகூட ஒரு பாட்டு இருக்கிறது. அவற்றைப் பற்றி இன்று யாரும் பேசுவதில்லை. அவற்றைச் செய்தவர்களுக்கோ, அதுதான் தங்கள் உண்மையான தொழில்.

வெற்றிக்குப் பிறகு வீட்டில் சண்டை. 1983-ல் ஃபிளாஷ் தனக்கு வரவேண்டிய பணத்துக்காகவும் தன் பெயருக்காகவும் கம்பெனி மேல் வழக்குப் போட்டார். குழு இரண்டாக உடைந்தது. மெல் ஒரு பக்கம், ஃபிளாஷ் ஒரு பக்கம். கவ்பாய் 1989-ல், முப்பது வயதுக்குள் இறந்துபோனார்.

பாட்டு மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 1997-ல் பஃப் டாடி என்ற பாடகர் இதே மெட்டை எடுத்து, தன்னை யாராலும் அசைக்க முடியாது என்று பணத்தையும் புகழையும் பெருமையடிக்கும் பாட்டாக்கினார். அது பில்போர்டு பொதுப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடம். கடன்காரன் மிரட்டுவதைச் சொன்ன மெட்டு 62-ம் இடம், அதே மெட்டில் 'நான் பணக்காரன்' என்று சொன்னால் 1-ம் இடம். வகுப்பில் இருந்திருந்தால் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றிருப்பேன்.

2002-ம் ஆண்டுக்காக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டின் ஒலிச் சொத்து என்று முதன்முதலாக ஐம்பது பதிவுகளைத் தேர்ந்தெடுத்தது. எடிசன் காலத்து ஒலிகளோடு அந்தப் பட்டியலில் இடம்பெற்ற ஒரே ஹிப் ஹாப் பாட்டு இது. 2007-ல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் நுழைந்த முதல் ஹிப் ஹாப் குழு ஃபிளாஷும் ஃபியூரியஸ் ஃபைவும். 2012-ல் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை, ஹிப் ஹாப்பின் தலைசிறந்த ஐம்பது பாட்டுகளில் இதற்கு முதலிடம் கொடுத்தது. வேண்டவே வேண்டாம் என்று சொன்ன பாட்டின் பெயரில் அவர்களுக்கு மாலைக்கு மேல் மாலை. புகழ் மன்ற மேடையில் எட் ஃபிளெட்சருக்கு இடம் இல்லை. அவர் குழுவில் இல்லையே.

அவர் என்ன ஆனார் என்று தேடினேன். 1984-ல் தனியாக ஒரு ஆல்பம் போட்டார், எடுபடவில்லை. பிறகு இசைத் தொழிலை விட்டு விலகினார். தண்டிக்கப்பட்ட சிறுவர்களை வைத்திருக்கும் காப்பகத்தில் பாடம் நடத்தினார். பள்ளிகளில் நடத்தினார். கடைசியில் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 2019-ல் ஓய்வு பெற்றார். 2021 ஜனவரியில், 69 வயதில், இதயக் கோளாறால் இறந்தார்.

வாத்தியார். இதைப் படித்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிற பையனையும், சிறையில் செத்துப்போகிற பையனையும் பாட்டில் வைத்திருந்த மனிதர், அப்படிப்பட்ட பையன்கள் முன்னால் சாக்பீஸோடு போய் நின்றிருக்கிறார். வகுப்பில் அவர் என்ன பேசினார், பையன்கள் நோட்டில் எதையாவது கிறுக்கினால் வாங்கிப் படித்து என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு ஆசை.

கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுருக்கிய பதிப்புகள் நிறைய உலவுகின்றன, ஏழு நிமிஷப் பதிப்பையே கேளுங்கள். வீடியோ பார்த்தால் ரஹீமின் உதட்டைப் பாருங்கள், நன்றாகத்தான் அசைக்கிறார். பேரனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அப்போ பாடினவரு அதுல எங்கயுமே இல்லையா தாத்தா?" என்று கேட்டு, போனை வாங்கி மறுபடி முதலிலிருந்து ஓட விட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.